இடக்கை மணவாட்டி

மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் அந்தக் கல்வீட்டைத் தேடிப் பிடிக்க றெஜினாவுக்கு இரண்டு பஸ் தேவைப்பட்டது. பியர்பொன்ட்ஸில் ஏறி, இடையில் மாறி, கடைசி நிறுத்தத்திலிருந்து முழங்கால் அளவு பனியில் பத்து நிமிட நடை. சுற்றிவர எல்லாம் கராஜ் வைத்துக் கட்டிய புது வீடுகள். நடுவே இது மட்டும், இடிக்க மறந்துபோனதுபோல், தாழ்ந்த கூரையோடு நின்றது. மத்தியானம் ஒரு மணி. பனியில் பட்ட வெயிலில் கண் கூசியது. பேய் பிசாசுக்குத் தோதான நேரமே இல்லை.

அவள் வாரிசு தேடும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தாள். பிள்ளை குட்டி இல்லாமல் யாராவது செத்துப்போனால், அவருக்குச் சொந்தம் யார் யார் என்று தோண்டி எடுத்து, வம்சவரைபடம் தயாரித்து பத்திரங்களைப் பதியும் நொத்தாரிடம் கொடுப்பது அவர்களுடைய தொழில். இந்த வீட்டில் நவம்பரில் செத்தவர் தொண்ணூற்றொரு வயது ஜேர்மன்காரர். முடியும் நாடும் போய் நூறு வருடமான ஆல்ஃபெல்ஸ் என்ற குட்டி அரச குடும்பத்தின் கடைசி ஆண்பிள்ளை. கலியாணமே கட்டாதவர். ஆனால் மற்றவர்களுடைய கலியாணங்களை எழுதி வைப்பதிலேயே ஆயுளைக் கழித்தவர்.

கதவைத் திறந்தவர் சிவநேசம். கிழவரை ஆறு வருடம் குளிப்பாட்டி, சோறு தீத்தி, மருந்து கொடுத்துப் பார்த்தவர். வீடு விலைப்படும்வரை தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை இப்போது அவருக்கு. றெஜினாவின் கணவன் பற்றிக்குக்கு ஊர்ப்பக்கத்து ஆள். மாதா கோயில் விருந்துகளில் ஒன்றிரண்டு தடவை கண்ட முகம்.

"வாரும் பிள்ளை. சப்பாத்தை இதில கழட்டும். ஒரு தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம் அண்ணை. நாலு மணிக்கு இருட்டிப் போடும். முதல் வேலையைப் பாப்பம்."

"ஓம் ஓம், நாலுக்கு முதல் வெளிக்கிடுறதுதான் நல்லது" என்றார் சிவநேசம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்குள் நனைந்த கம்பளி மணத்தது. ஆற்றில் விழுந்தவரின் கோட்டை யாரோ பிழியாமலே மூலையில் போட்டு வைத்த மணம். கொடியில் ஒரு துணி இல்லை, தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சூடாக்கி வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

கிழவரின் வம்சவரைபடம் பின்னறையில் நீண்ட மேசையில் விரித்துக் கிடந்தது. பதப்படுத்திய கன்றுத்தோல். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெயரும் ஒரு கட்டத்துக்குள், கலியாணம் எல்லாம் சிவப்பு இரட்டைக் கோட்டில். நாலு தலைமுறை கீழே இறங்குவதற்குள் றெஜினாவுக்குத் தலை சுற்றியது. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் பெண் எடுத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெடியன் இந்த வீட்டுப் பெட்டையைக் கட்டியிருந்தான். மாமனுக்கு மருமகள், மச்சானுக்கு மச்சாள், சித்தப்பாவின் விதவைக்கு இன்னொரு சித்தப்பா. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருநூறு வருடமாகத் தங்களுக்குள்ளேயே சம்பந்தம் செய்து, சிக்குப்பட்ட மீன்வலைபோல் கிடந்தன.

"எங்கட ஆக்கள் பரவாயில்லை" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தாள்.

கிழவர் ஓரக் குறிப்புகளை ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருந்தார். அரச குடும்பத்தான் அரச குடும்பத்தில்தான் கட்ட வேண்டும். தகுதி குறைந்த இடத்தில் மனம் போய்விட்டால் அதற்கும் அவர்களிடம் ஒரு வழி இருந்தது. கோயிலில் வலக்கையைக் கொடுக்காமல் இடக்கையைக் கொடுத்துக் கட்டுவார்கள். ஆண்டவருக்கு முன்னால் அவள் பெண்சாதிதான். அவளுக்குப் பிறப்பது பிள்ளைதான். ஆனால் பட்டம் இல்லை, நிலம் இல்லை, குடும்பப் புத்தகத்தில் பெயர் இல்லை. அவன் மனது வைத்தால் நாளைக்குத் தன் தகுதிக்கேற்ற ஒருத்தியைக் கொண்டுவந்து வலக்கையைக் கொடுக்கலாம். கேட்க ஆள் இல்லை.

அப்படிப்பட்ட ஒரு கட்டத்தில் றெஜினாவின் விரல் நின்றது. 1838. இளவரசர் கார்ல். அவர் பெயரிலிருந்து புள்ளிக்கோடு ஒன்று இடப்பக்கம் போனது. கோடு முடிந்த இடத்தில் பெயர் இல்லை. சுரண்டியிருந்தது. ஒருதரம் இரண்டுதரம் அல்ல. சுரண்டிச் சுரண்டித் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, நடுவில் சின்ன ஓட்டையே விழுந்துவிட்டது.

இந்த வேலையில் ஐந்து வருட அனுபவம் அவளுக்கு. அன்றைக்குச் சுரண்டிய இடம் வெள்ளையாக இருக்கும். நாள்பட்டால் தூசும் கைபட்ட எண்ணெயும் ஏறி மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். இந்த ஓட்டையைச் சுற்றி மூன்று நிறமும் வளையம் வளையமாக இருந்தன. உள்வளையம் வெள்ளை.

சுரண்டியவர் கிழவராகத்தான் இருக்க வேண்டும். அவர் செத்து இரண்டு மாதம். வெள்ளை எப்படி மிஞ்சியது?

யன்னலுக்கு வெளியே வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது. மணி நாலு.

கர்... கர்... கர்...

பக்கத்து அறையில், பிளேடால் காய்ந்த தோலைச் சுரண்டுகிற சத்தம். அவசரமில்லாத சத்தம். மூன்று இழுப்பு, பிறகு நிறுத்தம், பிறகு ஊதுகிற மூச்சு.

றெஜினா கோட்டைக்கூடப் பூட்டாமல் வாசலுக்கு வந்துவிட்டாள். சிவநேசம் அங்கே தொப்பி போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

"கேட்டதே?" என்றார் மெதுவாக.

"ஆர் அண்ணை உள்ளுக்கை?"

"ஒருத்தரும் இல்லை. கிழவர் இருக்கேக்கை ஒவ்வொரு விடியவும் அந்தப் பேரைச் சுரண்டுவார். அடுத்த நாள் பேர் திரும்பி வந்திருக்கும். மை காயாமல். நாப்பது வருசமாம், எனக்குச் சொன்னவர். அந்தப் பேருக்குரிய பொம்பிளை முறையாக் கட்டினவள் எண்டால் தங்கட பரம்பரை முழுக்கப் பொய்யாப் போயிடுமாம்." சிவநேசம் குரலை இன்னும் தாழ்த்தினார். "கிழவர் செத்தாப் பிறகு எழுதுறது நிண்டுட்டுது பிள்ளை. சுரண்டுறது தொடங்கியிருக்கு. இப்ப அவள்தான் சுரண்டுறாள்."

"ஆரின்ர பேரை?"

"அதுதானே தெரியேல்லை."

அந்த வேலையை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம்தான். ஆனால் மொன்றியலில் தமிழ்ப் பெண்ணுக்கு அலுவலக வேலை கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? பிரெஞ்சு படித்து, இரவில் கணினி படித்து, பிடித்த வேலை. சத்தத்துக்குப் பயந்து விட்டுவிட்டேன் என்று யாரிடம் சொல்வது? அடுத்த நாளும் போனாள்.

கட்டத்தில் பெயர் இருந்தது. நின்றுபோனதென்று சிவநேசம் சொன்ன எழுத்து திரும்பி வந்திருந்தது.

ஓட்டையைச் சுற்றி, மெலிந்த தோலில், ஒவ்வொரு எழுத்தும் ஈரமாக மின்னியது. மார்த்தா. ஓடக்காரன் மகள். கிழவரின் குறிப்பில் மிச்சக் கதை இருந்தது. பதினோரு வருடம் கார்லோடு வாழ்ந்திருக்கிறாள். பிறகு இளவரசர் பெரிய இடத்தில் வலக்கையைக் கொடுத்தபோது, சேர்ச் பதிவேட்டில் இருந்த இவள் பெயரைப் பாதிரியாரைக்கொண்டு சுரண்டுவித்தார். எல்லைக்காணியில் ஒரு குடிசை தருகிறேன், பேசாமல் இரு என்றார். மாசியில், ஆற்றுப் பனிக்கட்டிக்குக் கீழேயிருந்து, கம்பளிக் கோட்டோடு அவள் பிணத்தை எடுத்தார்கள்.

றெஜினா அந்தக் குறிப்பை இரண்டு தரம் வாசித்தாள். ஆனால் மேசையில் நொத்தார் அனுப்பிய கடிதமும் கிடந்தது. அதில் ஜேர்மனியிலிருக்கும் கிழவரின் உறவுக்காரி கண்டிப்பாக எழுதியிருந்தாள்: சமதகுதிக் கலியாணங்களை மட்டும் சேர்க்கவும். றெஜினா கணினியில் கார்ல் இளவரசரின் பெயரைத் தட்டினாள். வலப்பக்கத்து மனைவியைத் தட்டினாள். இடப்பக்கத்தை வெறுமையாக விட்டாள்.

மனம் கேட்கவில்லை. "குறை நினையாதையும்" என்று அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "உம்மைப் பேந்து எழுதலாம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பேந்து. பிறகு பார்க்கலாம் என்கிற அந்தச் சொல் அவளுடையது அல்ல. அது பற்றிக்கின் சொல்.

கம்பளி மணம் மிகக் கிட்ட வந்தது.

மேசைக்கு மேலிருந்த அவளுடைய இடக்கையை இன்னொரு கை பிடித்தது.

விரல்களுக்குள் விரல் கோத்து, கலியாணத்தில் பிடிப்பதுபோல் பிடித்தது. பனிக்கட்டிக் குளிர். நகங்களுக்கு அடியில் வெள்ளைத் தூள் அடைந்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே கறுப்புக் கம்பளி, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதற்கு மேலே பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"என்னை விடும்" என்றாள் றெஜினா.

கை விட்டது. பிடித்திருந்த இடத்தில், அவளுடைய மோதிரத்துக்குக் கீழே, தோல் சிவந்து உரிந்திருந்தது.

குசினியில் சிவநேசம் சுடுதண்ணீர் வைத்துக்கொடுத்தார். றெஜினா உரிந்த விரலைக் கைக்குட்டையால் சுற்றினாள். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று அவர் வாயைத் திறந்ததுதான் பிழையாகப் போயிற்று.

"நீர் இனி இஞ்ச வராதையும் பிள்ளை. உமக்கே ஆயிரம் யோசினை இருக்கும். சனிக்கிழமை அந்தப் பிள்ளை வேற வந்திறங்குது. நீர் சம்மதிச்சிருக்கிறீர் எண்டால் உமக்குப் பெரிய மனசுதான்."

"எந்தப் பிள்ளை?"

சிவநேசத்தின் முகம் கறுத்தது. "லக்சனா... பற்றிக் முந்தின வருசம் ஆவணியில ஊருக்குப் போய்க் கலியாணம் எழுதின பிள்ளை... ஐயோ, உமக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன். எங்கட கோயில் சனம் முழுக்கத் தெரியுமே."

அந்த ஆவணியில் தாய்க்கு வருத்தம் என்றுதான் போனான். விமானத்துக்குள் குளிரும் என்று விமான நிலையத்தில் அவன் கழுத்துக்குச் சால்வை சுற்றிவிட்டவளே அவள்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது கண்ணில் தண்ணீர் வரவில்லை. பதினாறு வருடத்துக்கு முந்திய வன்னிதான் வந்தது. இரண்டாயிரத்து எட்டு முடிகிற நேரம். கட்டாத பெடியளையும் பெட்டையளையும் சண்டைக்குப் பிடிக்கிறார்கள் என்று ஊர் முழுக்க அவசரக் கலியாணம் நடந்த காலம். பாலை மரத்தடியில், செல் குண்டுச் சத்தத்துக்கு நடுவே, பங்குச் சுவாமியார் அவர்களைக் கட்டி வைத்தார். பதிவேடு எரிந்துவிடக்கூடும் என்று தன் கையால் மையில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். பதிவேடு எரிந்துதான் போனது. சுவாமியும் இல்லை. அந்தத் தாள் மட்டும் மிஞ்சியது.

பற்றிக் முதலில் கனடா வந்தான். ஆறு வருடம் கழித்து அவள் அமெரிக்க எல்லையால் வந்தபோது தொலைபேசியில் சொன்னான்: "என்ர பைலில நான் தனியாள் எண்டு குடுத்திட்டன். நீரும் அப்பிடியே குடும். இல்லாட்டி என்ர கேஸ் பழுதாப் போயிடும். பேந்து எழுதலாம்." அவளும் அகதி விசாரணை அதிகாரிக்கு முன்னால் கையெழுத்து வைத்தாள். கலியாணம் ஆகாதவள். முகவரி, பற்றிக் வீட்டு வாடகைக்காரி. அவனைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாள். பிறகு எப்போது கேட்டாலும் பேந்து, பேந்துதான்.

வீட்டில் பற்றிக் கீழ்த்தளத்துக்குக் கட்டில் இறக்கிக்கொண்டிருந்தான். அவளுடைய கட்டில்.

"சிவநேசண்ணை சொல்லிப்போட்டார்" என்றாள்.

அவன் திடுக்கிடக்கூட இல்லை. ஒரு பாரம் இறங்கியதுபோல் மூச்சு விட்டான். "அம்மா விடேல்லை றெஜினா. ஒரு பிள்ளையும் இல்லாமல்... உம்மை நான் தெருவில விடேல்லையே. கீழ குசினி இருக்கு, பாத்ரூம் இருக்கு. நீர் பாட்டுக்கு இருக்கலாம்."

"நான் உங்கட பெண்சாதி."

"எந்தப் பேப்பரில?"

அதைச் சத்தம்போட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சாதாரணமாகச் சொன்னான். லைட் பில் எங்கே என்று கேட்பதுபோல.

அவள் மேலே ஓடி, அவனுடைய அலுமாரியில் பத்திரங்கள் வைத்த பிஸ்கட் ரின்னைத் திறந்தாள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வந்த முதல் கிழமையே அவன் வாங்கி வைத்த தாள். சுவாமியின் சாய்ந்த கையெழுத்து. மணமகன் பற்றிக். மணமகள் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

சுரண்டியிருந்தது.

விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். ஐந்து வருடம் இதே வேலை பார்த்த கண். வெள்ளையாக இருந்திருந்தால் பரவாயில்லை. புதிதாக ஒருத்தி வந்தாள், புத்தி கெட்டுப்போனான் என்று நினைத்திருக்கலாம். சுரண்டிய இடம் பழுப்பேறி இருந்தது. எட்டு வருடப் பழுப்பு. வந்த முதல் பனிக்காலத்திலேயே, அவள் பக்கத்தில் படுத்திருந்த காலத்திலேயே, பிளேடை எடுத்திருக்கிறான். அதற்குப் பிறகு எத்தனை கிறிஸ்மஸ், எத்தனை காய்ச்சல், எத்தனை தரம் அவன் முதுகுக்கு எண்ணெய் பூசிவிட்டிருக்கிறாள். அவ்வளவு நாளும் தான் இல்லாத வீட்டில்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அப்போதுதான் அழுதாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள்.

கீழே அவன் கட்டிலுக்கு ஆணி இறுக்கிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் நின்ற பிறகும் வீட்டில் ஒரு சத்தம் மிச்சம் இருந்தது.

கர்... கர்... கர்...

அலுமாரிக்குள் கம்பளி மணத்தது.

சனிக்கிழமை மத்தியானம் பற்றிக் சேவ் எடுத்து, வாசம் பூசி, பூச்செண்டோடு டோர்வால் விமான நிலையத்துக்குப் போனான். றெஜினா குசினியில் அசையாமல் இருந்தாள். மூன்று நாளாக அந்தச் சத்தம் நிற்கவில்லை. சுவருக்குள்ளா, அலுமாரிக்குள்ளா, தன் மண்டைக்குள்ளா என்று தெரியவில்லை. இரண்டு மணிக்குச் சட்டென்று நின்றது. ஊதுகிற மூச்சு மட்டும் கேட்டது, நீளமாக.

அவளுடைய போன் அடித்தது.

"றெஜினா" என்றான். குரல் அவனுடையதுபோல் இல்லை. "சிரியாதையும். இமிகிரேசன்காரர் இஞ்ச உள்ளுக்கை ஒரு அறையில இருத்தி வைச்சிருக்கினம். ஆர் ஸ்பொன்சர் எண்டு கேக்கினம். பேரைச் சொல்லட்டாம்."

"சொல்லுங்கோவன்."

"வருதில்லை."

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"லைசென்சை எடுத்தன். பேர் இருக்கிற இடம் சுரண்டிக் கிடக்கு. பாஸ்போட்டிலயும். அந்தப் பிள்ளை கண்ணாடிக்கு அங்கால நிண்டு என்னைப் பாக்குது, ஆரோ ஒரு ஆளைப் பாக்கிற மாதிரி." அவன் அழுதான். "என்ர பேர் என்ன? நீர் சொல்லும். உமக்குத் தெரியும்தானே? கெதியாச் சொல்லும் றெஜினா!"

அவளுக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. பாலை மரத்தடியில், செல் விழுந்து மண் தெறிக்க, சுவாமிக்கு முன்னால் சத்தமாகச் சொன்ன பெயர். ஒரு சொல்தான். சொன்னால் அவன் வெளியே வந்துவிடுவான் என்று ஏனோ அவளுக்குத் திடமாகத் தெரிந்தது.

அவளுடைய இடக்கையை ஈரக் கை ஒன்று கோத்துப் பிடித்தது. இந்த முறை அவள் உதறவில்லை.

"பேந்து சொல்லுறன்" என்றாள்.

போனை வைத்தாள். திரையில் யார் அழைத்தது என்று காட்டும் இடம் வெறுமையாக இருந்தது. அவள் மனதிலும் அந்த இடம் மெல்ல வெறுமையானது. அவன் மீசை, அவன் முதுகு, அவன் இருமல் எல்லாம் இருந்தன. பெயர் இல்லை. ஒரு கணம் நெஞ்சு லேசானது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக.

"போதும்" என்றாள் பக்கத்திலிருந்த வெற்றிடத்தைப் பார்த்து. "முடிஞ்சுது. போம்."

கர்... கர்...

மறுபடி தொடங்கியது. அவசரமில்லாமல்.

றெஜினாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கண்ணாடிக்கு அப்பால் நிற்கிற அந்தப் பெட்டை ஞாபகத்துக்கு வந்தாள். இருபத்திமூன்றோ நாலோ வயது இருக்கும். பனிக்காலக் கோட்டுக்கூட இருக்காது. இப்படி ஒருத்தி கீழ்த்தளத்தில் இருக்கிறாள் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"அவளை விடும்! அவளுக்கு ஒண்டும் தெரியாது!"

மூன்று இழுப்பு, நிறுத்தம், மூச்சு. கை அவளுடைய கையை இன்னும் இறுக்கியது, தோழியின் கையைப்போல. வலப்பக்கத்தில் வந்து நின்றவள் யாராக இருந்தாலும் அந்தக் கைக்கு ஒன்றுதான்.

றெஜினா பலங்கொண்ட மட்டும் இழுத்துத் தன் கையை விடுவித்தாள். மேசையில் கிடந்த பேனையை எடுத்து உள்ளங்கையில் அந்தப் பெட்டையின் பெயரை அழுத்தி எழுதினாள். சப்பாத்தைக் கொழுவி, கோட்டைப் பூட்டாமல் பனிக்குள் ஓடினாள். லக்சனா. லக்சனா. செபமாலை உருட்டுவதுபோல் மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டே பஸ்ஸில் ஏறினாள். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர்கூடப் பக்கத்தில் வந்து இருக்கவில்லை. ஆனாலும் பக்கத்துச் சீற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விமான நிலையத்துக்கு இன்னும் நாலு நிறுத்தம். உள்ளங்கை எரிந்தது. விரித்துப் பார்த்தாள். முதல் இரண்டு எழுத்து இருந்த இடத்தில் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது.

பெயரை இன்னும் சத்தமாகச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"சனா" என்றுதான் வந்தது.